சர்வர் செலவுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்? – அடிக்கடி வர்ற கேள்விகள்

ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரி உக்காந்து சொந்த ஆர்வத்துல யாரோ ஒருத்தர் நடத்துற மாஸ்டடான் (ட்விட்டர் மாதிரி, ஆனா ஆளாளுக்கு சொந்தமா நடத்துறது) சர்வர், விக்கி, சாட் ரூம், மின்னூல் தளம்னு எதையாவது தினமும் யூஸ் பண்றவங்களுக்காக இதை எழுதுறேன். "இந்த மாச சர்வர் செலவுக்கு முடிஞ்சவங்க உதவுங்க"ன்னு அட்மின் ஒரு போஸ்ட் போட்டா போதும், கீழ வர்ற கேள்விங்க எல்லா இடத்துலயும் அச்சு அசலா ஒரே மாதிரிதான் இருக்கு, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடுறேன்: முடிஞ்சவங்க குடுக்கணும், கட்டாயப்படுத்தக் கூடாது, கணக்கு காட்டாத இடத்துக்கு பத்து பைசா குடுக்கத் தேவையில்ல.

நெட்ல எல்லாமே ஃப்ரீயாதானே கிடைக்குது, இதுக்கு மட்டும் எதுக்கு காசு?

ஃப்ரீயா கிடைச்சதெல்லாம் இப்ப எங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. சும்மா வெப் பக்கம் வச்சுக்க இடம் குடுத்த ஜியோசிட்டீஸை 2009ல மூடினாங்க, ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஓட போச்சு. தமிழ்ல நெட்டுக்கு ரொம்ப முன்னாடியே வந்தவங்களுக்கு மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர்னு யாஹூ குழுமங்கள் ஞாபகம் இருக்கும், எவ்ளோ சண்டை எவ்ளோ கதை எவ்ளோ வெண்பா அங்க ஓடுச்சு. யாஹூ 2019 அக்டோபர்ல ஒரு அறிவிப்பு விட்டுட்டு பழைய மடல், ஃபைல் எல்லாத்தையும் தூக்கிட்டு 2020 டிசம்பர்ல கடையையே சாத்திட்டாங்க. நம்மகிட்ட யாரும் கேக்கல, கேக்க வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்ல, ஏன்னா நாம கஸ்டமரே கிடையாது.

இன்னொரு கேஸ் போட்டோபக்கெட். பைக் ரிப்பேர், பழைய ரேடியோ, மீன் தொட்டின்னு உலகம் பூரா ஹாபிக்காரங்க படத்தை அங்க ஏத்தி தங்களோட தளங்கள்ல லிங்க் குடுத்து வச்சிருந்தாங்க. 2017ல திடீர்னு அப்படி வெளிய காட்டணும்னா வருஷத்துக்கு 399 டாலர் கட்டுன்னு சொல்லிட்டாங்க, ஒரே வாரத்துல லட்சக்கணக்கான பக்கங்கள்ல படம் இருந்த இடத்துல வண்டி மீட்டர் மாதிரி ஒரு படம் நின்னுச்சு. இன்னிக்கும் ஏதாவது பழைய கார்புரேட்டர் பத்தி தேடினா "கீழ உள்ள படத்துல காட்டின மாதிரி கழட்டுங்க"ன்னு எழுத்து இருக்கும், படம் இருக்காது.

அப்படி என்னதான் செலவு? சின்ன சர்வர்தானே?

சின்னதா ஆரம்பிக்கிறப்ப நிஜமாவே சின்னதுதான். மாசம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (பெரிய சர்வர்ல ஒரு பங்கு) வாடகைக்கு கிடைக்கும், டொமைனுக்கு, அதாவது தளத்தோட முகவரிப் பேருக்கு, வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாரா ஆகும், அட்மின் கையிலேர்ந்து போட்டுக்குவார், யாரும் கவலைப்பட வேண்டியதில்ல. பிரச்சினை ஆளுங்க சேரச் சேரத்தான் வரும்.

மாஸ்டடானையே எடுத்துக்கோங்க. நீங்க எழுதுறது மட்டும் அந்த சர்வர்ல இருக்காது, நீங்க ஃபாலோ பண்ற வேற சர்வர் ஆளுங்களோட படம், வீடியோ எல்லாத்துக்கும் ஒரு காப்பி உங்க சர்வர்லயும் வந்து உக்காரும், பழசை அப்பப்ப துடைச்சு விடலேன்னா டிஸ்க் ரொம்பிடும். அப்புறம் பாஸ்வேர்டு மறந்தா போற மெயில், அதை ஸ்பேம்ல விழாம அனுப்பித் தர ஒரு சர்வீஸ், தினமும் பேக்கப், அந்த பேக்கப்பை வேற ஊர்ல வைக்க இன்னொரு வாடகை. 2022 அக்டோபர் 27 அன்னைக்கு எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடிச்சார், அடுத்த சில வாரத்துல கூட்டம் கூட்டமா இந்தப் பக்கம் வந்தாங்க, பல சர்வர்ல ஒரு போஸ்ட் போட்டா அது போய்ச் சேர மணிக்கணக்கா ஆச்சு. பொழுதுபோக்கா நூறு பேருக்கு நடத்திட்டு இருந்தவங்க திடீர்னு ஆயிரக்கணக்கான பேருக்கு சர்வர் இன்ஜினியர் ஆயிட்டாங்க, சம்பளம் இல்லாம.

இப்ப புதுசா சேந்திருக்கிற தலைவலி ஏஐ கம்பெனிகளோட பாட் (bot), அதாவது தானா வந்து பக்கம் பக்கமா எடுத்துட்டுப் போற புரோகிராம். விக்கிமீடியா 2025 ஏப்ரல்ல சொன்ன கணக்குப்படி 2024 ஜனவரிலேர்ந்து அவங்க படம் வீடியோ டவுன்லோடுக்கு ஆகுற பேண்ட்விட்த் 50 சதவீதம் கூடிருச்சு, அவங்களுக்கு ரொம்ப செலவு வைக்கிற டிராஃபிக்ல 65 சதவீதம் இந்த மாதிரி பாட்தானாம். அவ்ளோ பெரிய இடத்துக்கே மூச்சு முட்டுதுன்னா வீட்டு ரூம்லேர்ந்து ஒருத்தர் நடத்துற விக்கி என்ன ஆகும், மனுஷங்க படிக்க வர்றதை விட பாட் சுரண்ட வர்றதுதான் ஜாஸ்தி, அதுக்கும் பில் அட்மினுக்குத்தான்.

பில்லுல வராத செலவு ஒண்ணு இருக்கு, நேரம். யாரோ போட்டது மோசமா இருக்குன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் வரும், அதை தெறந்து பாக்கணும், பாக்கவே கூடாத படமா இருக்கும், அதையும் பாத்துத்தான் முடிவெடுக்கணும். இதுக்கு என்ன ரேட் போடுவீங்க?

அட்மின் ஆசைப்பட்டுதானே ஆரம்பிச்சார், நான் கேட்டேனா?

நியாயமான கேள்விதான், நீங்க அவருக்கு கடன்பட்டவர் இல்ல. அதே நியாயத்துல அவரும் உங்களுக்கு கடன்பட்டவர் இல்ல, நாளைக்கே போதும்டா சாமின்னு மூடிட்டுப் போகலாம். நாம காசு குடுக்கிறது பழசுக்கு நன்றிக்கடனா இருக்கணும்னு எனக்குத் தோணல, அடுத்த வருஷமும் இது இருக்கணும்னா அதுக்கு என்ன ஆகும்ங்கிற கணக்குதான்.

காசு இருந்தா எல்லாம் ஓடிடும்னும் நினைக்காதீங்க. மாஸ்டடான்.லால்னு ஒரு பெரிய சர்வர் 2023ல மூடினாங்களே, அதுக்கு காரணம் பணமில்ல. ஒரு வீடியோ கேம் விஷயத்துல வந்த சண்டையும் வசவும் தாங்க முடியாம அட்மின் விட்டுட்டார். நல்லா கவனிங்க, அங்க பணத்தால செய்யக்கூடியது ஒண்ணு இருந்திருக்கும், பாரத்தை தூக்க இன்னும் ரெண்டு மூணு பேர். டொனேஷன் கேக்கிற அட்மினுங்க பெரும்பாலும் சர்வர் பில்லை மட்டும்தான் கேக்கிறாங்க, தன் உழைப்புக்கு கேக்க கூச்சப்படுறாங்க. மாசத்துல ஒரு வாரமாச்சும் வேற ஒருத்தருக்கு ஒரு தொகை குடுத்து ரிப்போர்ட் பாக்கச் சொல்ல முடிஞ்சா அட்மின் நிம்மதியா தூங்குவார், அதையும் சேத்துக் கேளுங்கன்னுதான் நான் சொல்வேன்.

விளம்பரம் போட்டுக்கலாமே?

போடலாம், போட்டவங்க கதையைக் கேட்டுட்டு போடுங்க.

மெட்டாஃபில்டர்னு ஒரு இடம், 1999ல மேட் ஹாவிங்கிறவர் தனியாளா ஆரம்பிச்சது, நெட்ல உருப்படியான பேச்சு நடக்குற இடம்னு பேர் வாங்கினது. அங்க வருமானத்துல பெரும்பகுதி கூகுள் விளம்பரம். 2012 நவம்பர்ல கூகுள் தேடல் முறையில ஏதோ மாத்தினதும் வர்ற கூட்டம் சரசரன்னு குறைஞ்சு போச்சு, ஏன்னு கூகுளும் தெளிவா சொல்லல, 2014ல மாடரேட்டர்களை (பேச்சு எல்லை மீறாம பாத்துக்கிறவங்க) வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்துச்சு. விஷயம் வெளிய தெரிஞ்சதும் படிக்கிறவங்களே பணம் போட ஆரம்பிச்சாங்க, அதுலதான் அது அப்புறம் ஓடுச்சு. எனக்கு இதுல உறுத்துறது என்னன்னா, முன்னாடியே கேட்டிருந்தாலும் அவங்க குடுத்திருப்பாங்க, ஆள் போற வரைக்கும் யாரும் அவங்களைக் கேக்கல.

விக்கிப்பீடியாவுல நடந்தது இன்னும் பழசு. 2002 பிப்ரவரியில, விளம்பரம் வரலாம்ங்கிற பேச்சு கிளம்பினதுக்கே ஸ்பானிஷ் விக்கிப்பீடியா ஆளுங்க கோச்சுக்கிட்டு எழுதினதை எல்லாம் எடுத்துட்டு செவில் பல்கலைக்கழக சர்வர்ல தனிக்கலைக்களஞ்சியம் வச்சுட்டாங்க. விளம்பரம் ஒண்ணு கூட வரல, பேச்சுதான் வந்துச்சு. சும்மா எழுதித் தர்றவனுக்கு தன் எழுத்துக்குப் பக்கத்துல இன்னொருத்தன் சம்பாதிக்கிறது பிடிக்காது, இதை அட்மினுங்க சாதாரணமா எடுத்துக்கக் கூடாது.

தமிழ்ல வேற கணக்கு. தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பர ரேட்டே சொற்பம், ஆட் பிளாக்கர் வேற எல்லார்கிட்டயும் இருக்கு, பக்கத்தை அசிங்கப்படுத்தி மாசம் டொமைன் காசு கூட தேறாம நின்ன தளங்களை நானே பாத்திருக்கேன்.

விக்கிப்பீடியாவுக்கு ஏற்கனவே குடுத்துட்டேனே?

ரொம்ப நல்லது, தமிழ் விக்கியும் அதே சர்வர்லதான் ஓடுது. ஆனா விக்கிமீடியா ஃபவுண்டேஷன் இப்ப நூத்துக்கணக்குல சம்பள ஆளுங்க இருக்கிற பெரிய அமைப்பு, வருஷ வரவு 15 கோடி டாலருக்கு மேல. 2022ல அவங்க டொனேஷன் பேனர்ல இருந்த வாசகங்கள் படிக்கிறவங்களை தேவையில்லாம பயமுறுத்துதுன்னு ஆங்கில விக்கி எடிட்டர்களே எதிர்ப்பு தெரிவிச்சு மாத்த வச்சாங்க. உங்க நூறு ரூபாய் அங்க கடல்ல கரைச்ச பெருங்காயம், அதே நூறு ரூபாய் ஐம்பது பேர் இருக்கிற ஒரு சின்ன சர்வர்ல அந்த மாசத்து மெயில் செலவையே அடைச்சிடும். எனக்கு சாய்ஸ் குடுத்தா சின்னதுக்குத்தான் போடுவேன்.

காசு குடுத்தா எனக்கு என்ன ஸ்பெஷலா கிடைக்கும்?

ஒண்ணும் கிடைக்கக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன், பேருக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார், அவ்ளோதான்.

லைவ்ஜர்னல்ங்கிற டைரி மாதிரி எழுதுற தளம் 1999ல பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தன் ஃப்ரெண்டுகளுக்காக ஆரம்பிச்சது. காசு கட்டினா கூடுதலா யூசர்பிக் (பேர் பக்கத்துல வர்ற படம்) வச்சுக்கலாம், மொத்தமா ஒரு தொகை கட்டினா ஆயுசுக்கும் அக்கவுண்ட்னு கூட வித்தாங்க. 2005ல சிக்ஸ் அபார்ட்டுக்கு கைமாறுச்சு, 2007ல ரஷ்யாக்காரங்க கம்பெனிக்கு போச்சு. ஆயுசு அக்கவுண்ட் வாங்கினவங்களுக்கு அக்கவுண்ட் இருந்துச்சு, கூட எழுதின ஃப்ரெண்டுங்க பாதி பேர் போயிட்டாங்க. அங்க வேலை பாத்தவங்களே சிலர் சேந்து அதே புரோகிராம் கோடை வச்சு 2009ல ட்ரீம்வித்னு ஒண்ணு திறந்தாங்க, விளம்பரம் கிடையாது, விருப்பப்பட்டவங்க காசு கட்டுறாங்க, இன்னும் ஓடிட்டு இருக்கு.

காசு கட்டினவங்களுக்கு ஒரு உரிமை தரணும்னா ஏஓ3 பண்ற விதம் எனக்கு பிடிக்கும். ரசிகர்கள் எழுதுற கதைகளுக்கான தளம், 2009 நவம்பர்லேர்ந்து பொதுவுல இருக்கு, பின்னாடி இருக்கிற ஓடிடபிள்யூங்கிற அமைப்புக்கு 10 டாலர் குடுத்தா நிர்வாகக் குழு தேர்தல்ல ஓட்டுப் போடலாம். கதை படிக்கவோ எழுதவோ ஒத்த ரூபாய் வேண்டாம். பணம் போட்டவர்ங்கிறதுக்காக அவர் மேல வந்த ரிப்போர்ட்டை மாடரேட்டர் கண்டும் காணாம விட்டார்னா அன்னிக்கே அந்த இடம் முடிஞ்சுது, "நான்தான் இந்த சர்வருக்கு சோறு போடுறேன்"னு சண்டையில ஒருத்தர் சொல்றதைப் பாத்திருக்கீங்களா, அந்த ஆளுக்கு பணத்தை திருப்பிக் குடுத்து அனுப்புறதுதான் லாபம்.

எல்லாருக்கும் கட்டாயமாக்கிட்டா பிரச்சினையே இல்லையே?

ஊர்த் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி போடுற மாதிரி தலைக்கு இவ்ளோன்னு வச்சுடலாம்னு ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வாங்க. ஊர்ல அது நடக்கும், யார் எந்தத் தெரு, யார் வீட்ல கஷ்டம், யாருக்கு இந்த வருஷம் விட்டுக் குடுக்கலாம்னு பெரியவங்களுக்கு தெரியும். இங்க அவதார் படத்துக்குப் பின்னாடி இருக்கிறது காலேஜ் பையனா பென்ஷன் வாங்குற தாத்தாவான்னே தெரியாது.

மெட்டாஃபில்டர் 2004லேர்ந்து சேரும்போது ஒரே தடவை 5 டாலர் வாங்குறாங்க. அதை வருமானமா பாக்காதீங்க, வாசல் கேட் அது, ஸ்பேம் அடிக்கிறவனும் சண்டைக்குன்னே புது அக்கவுண்ட் தெறக்கிறவனும் யோசிப்பான். அமெரிக்காவுல அது ஒரு காபி காசு. இங்க நானூறு ரூபாய்க்கு மேல, அதோட இன்டர்நேஷனல் கார்டு வேணும், நம்ம பசங்க நிறைய பேர்கிட்ட யூபிஐ மட்டும்தான் இருக்கு. 2022ல இலங்கையில டாலரே கிடைக்காம மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நின்னாங்க, அந்த வருஷம் ஒரு தமிழ்த் தளம் டாலர்ல சந்தா கட்டாயம்னு வச்சிருந்தா யாரெல்லாம் விழுந்திருப்பாங்கன்னு யோசிங்க. பேசாம படிச்சிட்டு இருக்கிறவங்கள்ல ஒருத்தர்தான் திடீர்னு நாலு வருஷம் கழிச்சு அருமையா ஒண்ணு எழுதுவார், கேட் வச்சா அவர் உள்ளயே வரமாட்டார்.

அட்மின் காசை அடிச்சிட்டார்னா?

இதைக் கேக்க வெக்கப்படாதீங்க, அட்மினும் கோச்சுக்கக் கூடாது. நான் பணம் போடுறதுக்கு முன்னாடி முதல்ல பாக்கிறது மாசா மாசம் வரவு செலவு எங்கயாவது எல்லாரும் பாக்கிற மாதிரி இருக்கா, சர்வர் பில்லோட ஸ்க்ரீன்ஷாட் இருக்கா, மிச்சம் விழுந்தா என்ன பண்ணுவோம்னு ஒரு வரியாவது எழுதிருக்கா. அழகான எக்செல் ஷீட் தேவையில்ல, "வந்தது 4200, போனது 3650, மிச்சம் அடுத்த மாசத்துக்கு" அப்படின்னு ஒரு போஸ்ட் போதும். கணக்கு எழுத நேரமில்லைன்னு சொல்றவங்களுக்கு பணம் கேக்க மட்டும் எப்படி நேரம் கிடைக்குதுன்னு எனக்குப் புரியல.

அடுத்து டொமைன் யார் பேர்ல. இதை யாரும் கேக்கிறதில்ல, ஆனா இதுலதான் மொத்தமும் இருக்கு. ஃப்ரீநோட்னு ஒரு ஐஆர்சி நெட்வொர்க், பழைய மாதிரி சாட் ரூம்தான், ஓபன் சோர்ஸ் (கோடை எல்லாருக்கும் திறந்து வைக்கிற) ஆளுங்க எல்லாம் அங்கதான் கூடுவாங்க, வாலண்டியருங்க வருஷக்கணக்கா சும்மா நடத்தினாங்க. பேருக்கு ஒரு கம்பெனி இருந்துச்சு, அது 2017லயே கைமாறியிருக்கு, 2021ல டொமைன் யாருக்கு அதிகாரம் யாருக்குன்னு தகராறு முத்தி மே மாசம் வாலண்டியருங்க கூட்டமா ராஜினாமா பண்ணிட்டு லிபெரா சாட்னு ஸ்வீடன்ல லாப நோக்கமில்லாத அமைப்பா புதுசா ஆரம்பிச்சாங்க. சில வாரத்துலயே பெரிய பெரிய ப்ராஜெக்டுங்க அங்க மாறிட்டாங்க. உழைச்சவங்க கையில ஒரு காகிதமும் இல்ல, ஆளுங்க நம்பிக்கை மட்டும் இருந்துச்சு, நல்லவேளை அது போதுமா இருந்துச்சு.

மூணாவது, அட்மினுக்கு ஏதாவது ஆச்சுன்னா? மாஸ்டடான் தளத்துல பட்டியல்ல சேரணும்னா ஒரு சர்வர் ஒத்துக்க வேண்டிய உடன்படிக்கை ஒண்ணு வச்சிருக்காங்க: தினமும் பேக்கப், அவசரத்துக்கு உள்ள போக இன்னொரு ஆளுக்காவது அனுமதி, மூடுறதா இருந்தா குறைஞ்சது மூணு மாசம் முன்கூட்டி சொல்லணும். இதை அப்படியே எடுத்து எந்த சின்ன இடத்துக்கும் வச்சுக்கலாம். ஆஸ்பத்திரியில படுத்துட்டார், பாஸ்வேர்டு அவர் மனசுல மட்டும் இருக்கு, கார்டு எக்ஸ்பையரி ஆயிடுச்சு, அதோட பத்து வருஷப் பேச்சு காலி, இந்த மாதிரி போன இடங்கள்தான் பணமில்லாம போனதை விட ஜாஸ்தின்னு எனக்குத் தோணும்.

கணக்கு காட்ட ஓபன் கலெக்டிவ் மாதிரி இடங்கள் வசதிதான், உள்ள வந்த காசு வெளிய போன காசு எல்லாம் தானா தெரியும். ஆனா அதையும் கண்ணை மூடி நம்ப வேணாம், அங்க அமெரிக்காவுல நிறைய குழுக்களுக்கு பணத்தை வாங்கி வச்சிட்டு இருந்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 கடைசியோட கலைஞ்சு போச்சு, எல்லாரும் வேற இடம் தேடி அலைஞ்சாங்க. தமிழ்ல முறையா நடக்கிறதுக்கு உதாரணம் கேட்டா ஈழத்து நூல்களை சேக்கிற நூலகம் திட்டத்தைத்தான் சொல்வேன், 2005ல ஆரம்பிச்சது, அப்புறம் நூலக நிறுவனம்னு அமைப்பா ஆக்கி அறிக்கை போட்டு நடத்துறாங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்க தைரியமா பணம் அனுப்புறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

என்கிட்ட காசே இல்ல, என்ன பண்றது?

காசு தர வேண்டாம், வேற விதத்துல உதவலாம். பழைய தமிழ் நூல்களை நெட்ல ஏத்துற மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் தட்டச்சும் மெய்ப்பும் சும்மா பாத்துக் குடுத்தவங்களாலதான் நிக்குது. புதுசா வர்றவங்களுக்கு பதில் சொல்றது, ஸ்பேம் வந்தா ரிப்போர்ட் பண்றது, 40 எம்பி வீடியோவை சுருக்கி ஏத்துறது, இதெல்லாம் காசுதான்.

எவ்ளோ குடுக்கலாம்?

சும்மா ஒரு கணக்கு. மாசச் செலவு 3000, ஆளுங்க 300 பேர்னு வைங்க. எல்லாரும் 10 ரூபாய் குடுக்கணும்னு துரத்துறதை விட 30 பேர் ஆளுக்கு 100 குடுத்தா போதும், எங்கயும் பத்துல ஒருத்தர் குடுத்தாலே பெரிய விஷயம். ஒரே தடவை 5000 போட்டுட்டு மறந்துடுறவரை விட மாசம் 50 போடுறவர் அட்மினுக்கு நிம்மதி, அடுத்த மாசம் என்ன வரும்னு தெரியும். ஆனா வெளிநாட்டு தளம் வழியா கார்டுல போடுறீங்கன்னா சின்னத் தொகையில கமிஷனே பாதியை சாப்பிடும், அங்க வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா போடுங்க. யூபிஐயில கமிஷன் இல்ல, மாசா மாசமே போடலாம்.

ரெடிட் மாடரேட்டருக்கும் நாம குடுக்கணுமா?

ரெடிட்ங்கிறது ஒரு கம்பெனி நடத்துற பெரிய பேச்சுத் தளம், அதனால அது கம்பெனி வேலை. 2023 ஜூன்ல ஏபிஐக்கு (வெளி ஆப்புங்க ரெடிட்டோட பேசுற வழி) காசுன்னு கம்பெனி சொன்னதுக்கு சம்பளமில்லாத மாடரேட்டருங்க ஆயிரக்கணக்குல சப்ரெடிட்டை (அங்க இருக்கிற தனித்தனி குழுக்கள்) மூடி எதிர்ப்பு காட்டினாங்க, 2024 மார்ச்ல கம்பெனி பங்குச்சந்தைக்கு போயிடுச்சு. அந்த பில் நம்ம பில் இல்ல.

80ஜி வரி விலக்கு கிடைக்குமா? வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பலாமா?

தனி ஆள் அக்கவுண்டுக்கு போட்டா 80ஜி கிடையாது, அனுமதி வாங்கின அறக்கட்டளைக்கு குடுத்தா மட்டும்தான். அமைப்பா பதிவு பண்ணிருந்தா வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ 2010ங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு வேணும், இது இல்லாம வாங்கி மாட்டிக்காதீங்க. இதுல நிறைய பேர் குழம்புற இடம் ஒண்ணு: இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற என்ஆர்ஐ தன் சொந்த சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையா கணக்காகாது, ஆனா வேற நாட்டு குடியுரிமை வாங்கினவர் ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும் கணக்காகும். சிங்கப்பூர் மாமா எந்த பாஸ்போர்ட்னு கேட்டுட்டு, ஆடிட்டரையும் கேட்டுட்டு வாங்குங்க.

வெளிநாட்டு சர்வருக்கு மாசா மாசம் போடுற மாதிரி செட் பண்ணிட்டேன், அது போதும்ல?

ஒரு தடவை செக் பண்ணுங்க. ரிசர்வ் பேங்க் 2021 அக்டோபர் 1லேர்ந்து கார்டுல தானா எடுக்குற பணத்துக்கு புது விதி கொண்டு வந்துச்சு, அதுக்கு ஒத்து வராத வெளிநாட்டு தளங்களுக்கு போயிட்டு இருந்த பேமெண்ட் பலருக்கு சத்தமில்லாம ஃபெயில் ஆக ஆரம்பிச்சுது, அட்மினுக்கு நீங்க நிறுத்திட்டீங்கன்னு தெரியும், உங்களுக்கு நீங்க குடுத்துட்டு இருக்கிறதா தெரியும். கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து கடைசியா எந்த மாசம் போயிருக்குன்னு பாருங்க, நின்னு போயிருந்தா லிபெராபே மாதிரி டொனேஷன் வாங்கிக் குடுக்கிற ஒரு இடத்துல முழு வருஷத்துக்கும் சேத்து கையால போட்டுடுங்க.